ஒரு கீறல்கூட இல்லை

செல்போன்களுக்கு வரும் இன்டர்நெட்டை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வாரம் அது. அமைதிக்காகவாம். ஓட்டுகளை மறுபடி எண்ணு என்று கேட்டுத் தெருவில் இறங்கிய ஜனங்கள், முதுகில் விழுந்த அடிகளை எண்ணிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார்கள். போனில் பேசலாம், அவ்வளவுதான். பாட்டு வராது, படம் வராது. கேபிள் இழுத்த வீடுகளில் மட்டும் இணைப்பு இருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கேபிள் மாடிக்குப் போகிறது. மாடியில் என் அண்ணன் இருக்கிறார்.

அண்ணனுக்கு டைல்ஸ் கடை. ஆட்சியிலிருக்கும் தலைவர் மேல் அவருக்கிருக்கும் பாசத்தில் கால்வாசி என் மேல் இருந்திருந்தால் நான் இந்நேரம் உருப்பட்டிருப்பேன். தேர்தல் சமயத்தில் இருவரும் வாய்த்தகராறாகி, அதற்குப் பிறகு நான் படியேறுவதை விட்டுவிட்டேன். இப்போது தெருவே அவருடைய படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது, ஆளுக்கொரு போனோடு. இதுதான் சமயமென்று அண்ணன் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். 'தலைவர் இருக்க பயமேன்'. இங்கிலீஷ் எழுத்தில், இடைவெளி விடாமல். தலைவருக்கு ஓட்டே போடாதவர்கள்கூட விரலால் அவருக்கு ஜே போட்டுவிட்டுத்தான் வெளிநாட்டிலிருக்கும் மகளை வீடியோவில் பார்க்க வேண்டியிருந்தது. செத்தாலும் அதை என் விரல் தட்டாது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

நான் வயலின் வாசிப்பவன். இப்போதெல்லாம் ரெக்கார்டிங் வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. இசையைக் கோத்துத் தரும் அரேஞ்சர் ட்ராக்கை அனுப்புவார். நான் மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஃபேனை நிறுத்தி, இரைச்சல் வராமலிருக்க ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு வாசித்து, திருப்பி அனுப்புவேன். ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்து நான் திரிய விட்ட பாலைப் பற்றி என் மனைவியிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வாள்.

அந்த அரேஞ்சர்தான் போன் செய்தார்.

"சார், குழல்காரர் போனே எடுக்க மாட்டேங்கிறார். ஒரு சோலோ இருக்கு. அவரை மனசுல வெச்சுத்தான் எழுதினேன்."

"அவன் எப்படி எடுப்பான்? ஆஸ்பத்திரியில கிடக்கான். ஊர்வலத்துல போனான். கண்ணீர்ப்புகைக் குண்டு வாயிலேயே பட்டிருக்கு. தாடை உடைஞ்சுபோச்சு."

"ஐயையோ!" என்றார். மூச்சுகூட விடாமல் கேட்டார், "அப்ப அதை நீங்களே வயலின்ல பண்ணிடுறீங்களா சார்? சாயங்காலத்துக்குள்ள வேணும்."

போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். குழல்காரன் என் நண்பன். எங்கள் வட்டத்தில் அவனுக்குப் பெயர் ஊதல். ஊர்வலத்துக்குக்கூடக் குழலோடு போன பைத்தியக்காரன். இனி அவனால் ஊத முடியுமா என்று அவன் மனைவி டாக்டரிடம் கேட்டபோது, "என்ன, பலூனா?" என்று கேட்டாராம் அந்த மகராசன். முன்பற்கள் போய், தாடையைக் கம்பி வைத்துக் கட்டி, ஸ்ட்ராவில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்காக எழுதிய சோலோ அது. யாரோ ஒருவன் வாசித்துத் தொலைப்பதற்குப் பதில் நானே வாசிக்கிறேன், அவன் மாதிரியே வாசிக்கிறேன், அவன் ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் போட்டுக் காட்டுகிறேன் என்று தோன்றியது.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"ஏதோ டாக்குமெண்டரி சார். துக்கம் இருக்கணும், அழுகாச்சியா இருக்கக் கூடாது."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். அண்ணன் நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். சிரித்தார், அதுதான் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன். இணைப்பு வரவில்லை. மறுபடி தட்டினேன். வரவில்லை.

"முதல் எழுத்து பெரிய எழுத்துடா தம்பி," என்றார் அண்ணன், படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி. "தலைவர்ல ஏதுடா சின்ன எழுத்து?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய எழுத்தில் தட்டினேன். ஊதலுக்காக என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று வாசித்தது போல நான் வாசித்ததே இல்லை. தற்பெருமை இல்லை, உண்மை. ஊதலுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறங்கி வரும் சுரத்தை நேராகத் தொடமாட்டான். கொஞ்சம் கீழே போய், தயங்கி, வழுக்கிக்கொண்டு மேலே வந்து சேருவான். அது அவன் மூச்சு. அதை என் வில்லில் கொண்டுவர எத்தனையோ டேக் எடுத்தேன். கடைசியில் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்து அனுப்பி வைத்தேன். அரேஞ்சர் போனிலேயே தழுதழுத்தார். ஃப்ரிட்ஜைப் போட மறந்திருந்தேன். மனைவி அன்றைக்கு மட்டும் திட்டாமல் தானே போய்ப் போட்டாள்.

ஓரிரு நாள் கழித்து, காலையில் அண்ணன் கீழே இறங்கி வந்தார். இன்டர்நெட்டை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கொண்டாடத் தலைவர் ஒரு வீடியோ விட்டிருந்தார்.

"அரசியலை விடு. சும்மா கேளு," என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

தலைவர் தனியாக ஒரு ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். என் வயலின் வந்தது. முதலில் புரியவில்லை. கீழே போய், தயங்கி, வழுக்கி மேலே வந்ததே, அப்போது புரிந்துவிட்டது. "என் பிள்ளைகள் கோபப்பட்டார்கள். பெற்றவன் நான் பொறுத்துக்கொண்டேன். ஒரே ஒருவருக்குக்கூட ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பற்றி எத்தனை பொய்கள்!" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் விட்ட இடைவெளியில் ஊதலின் மூச்சு நிரம்பி வழிந்தது.

"பொய் சொல்ற மனுஷனுக்கு இப்படி ஒரு இசை வருமா? நீயே சொல்லு," என்றார் அண்ணன்.

"அது நான் வாசிச்சது."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீயா! இத்தனை வருஷமா ஏதோ கீச்சுக்கீச்சுன்னு தேய்ச்சுட்டிருக்கியேன்னு நினைச்சேனேடா!" என்றார். விவரம் தெரிந்த நாளாக நான் அவரிடம் எதிர்பார்த்த வார்த்தை. வந்ததும் வந்தது, இப்படியா வந்து சேர வேண்டும்?

"ஊதலோட வாய் போயிடுச்சுண்ணே. ஒருத்தருக்கும் கீறல் இல்லைங்கிறாரு உங்க ஆளு."

"அவன் வழுக்கி விழுந்துட்டான்னுதானே சொன்னாங்க?" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

அரேஞ்சருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எனக்கும் டாக்குமெண்டரின்னுதான் சார் சொன்னாங்க. ஊரெல்லாம் போயிடுச்சு. இனிமே நான் என்ன பண்ண?" என்றார். பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். எனக்குப் பதறியது வேறொன்றுக்கு. ஊதல் இதைக் கேட்பதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும். உனக்காகத்தான்டா வாசித்தேன், திருடிவிட்டார்கள் என்று. அவனாகக் கேட்டுத் தெரிந்துகொண்டால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? போட்டிருந்த சட்டையோடு ஓடினேன்.

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் போனில் அந்த வீடியோ. ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டியின் போனிலும் அதே. லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் படியேறினேன். வாழ்நாளெல்லாம் என் வாசிப்பை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவன், அந்தக் காலையில் ஒருவர் காதிலும் அது விழுந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஓடினேன்.

வார்டுக்குள் நுழையும்போதே கேட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் துணைக்கிருந்த மருமகன் போனைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊதல் கண்ணை மூடிப் படுத்திருந்தான். கன்னம் வீங்கி முகமே வேறு யாருடையதோ போல இருந்தது. போர்வை மேல் அவன் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. மூடி, திறந்து, பாதி மூடி. அந்த வழுக்கல் வந்த இடத்தில், என் வில்லுக்குச் சரியாக, அவன் விரலும் வழுக்கியது.

'ஒரு கீறல்கூட இல்லை' என்றது போன். விரல்கள் நின்றன. கண்ணைத் திறந்தவன் நேராக என்னைத்தான் பார்த்தான்.

வாசித்தது யாரென்று கேட்க அவனுக்கு வாய் வேண்டியதில்லை. எங்களில் ஒருவர் வாசிப்பில் இன்னொருவருக்குத் தெரியாத சுரம் கிடையாது.

"அண்ணா," என்றாள் அவன் மனைவி, கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. "அது இவர் ஊதுற பிடி இல்லையா? இது எப்படி அங்க போச்சு?"

"நான்தான்மா வாசிச்சேன்," என்றேன். "எதுக்குன்னு தெரியாம வாசிச்சேன். சத்தியமா இவனுக்காகத்தான் வாசிச்சேன்."

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். ஊதல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் பார்வையில் கோபமே இல்லை.

பக்கத்துக் கட்டில் மருமகன் துள்ளி எழுந்தான். "சார், நீங்களா அது? நெஜமாவா? காலையிலேர்ந்து எத்தனை தடவை கேட்டேன்னு எனக்கே தெரியல சார்! வீட்ல சொன்னா நம்ப மாட்டாங்க. ஒரே ஒரு செல்ஃபி சார்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தோளில் கை போட்டுவிட்டான். போனை உயர்த்தினான். திரையில் அவன் பல், என் முகம், எங்களுக்குப் பின்னால் கம்பி கட்டிய ஊதலின் வாய். மருமகன் முகத்தைச் சுளித்தான்.

"சார், பின்னாடி அந்தப் பேஷண்ட் போட்டோவுல விழறார். கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து நில்லுங்களேன்."

நகர்ந்து நின்றேன்.