சத்தமில்லாத பாட்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு அரைத்தூக்கம் என்று பெயர். இஸ்திரி மேடையில் நின்றபடியே கண் பாதி மூடியிருக்கும். கை மட்டும் தன்பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் ஒரு படுக்கை விரிப்பைக்கூட அவள் கருக்கியதில்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டு விரிப்புகளைப் பொசுக்கியவர்கள்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மதியத்தில் கொதிகலனை அரைமணி நேரம் நிறுத்துவார்கள். அப்போது கூடம் முழுக்க நீராவி அசையாமல் நிற்கும். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி அதில் கரையும். கயிறுகளில் தொங்கும் வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே நடந்தால் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அந்த அரைமணியில்தான் கடைசிக் கயிற்றுக்கு அப்பால் நான்கு பெண்கள் கூடுவார்கள். அவள், துணிக்குக் கஞ்சி போடுகிறவள், கிழிசல் தைக்கிறவள், தள்ளுவண்டிக்காரி.

கூடி ஜெபிப்பார்கள், பாடுவார்கள். பாட்டு என்றால் வாய் மட்டும்தான் அசையும். வேலை செய்கிற இடத்தில் ஜெபம் கூடாது என்று ஏழு வருடத்துக்கு முன்னால் உத்தரவு வந்தது. அவர்கள் குரலை விட்டார்கள், பாட்டை விடவில்லை. அதற்குப் பிறகு தையல்காரி ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து தினமும் அந்தப் பாட்டுதான். ஊமை கண்ட கனவு போல அது ஒவ்வொருத்தியின் உள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை மேற்பார்வையாளர் அவள் மேடைக்கு வந்தார். அவள் அக்காள் புருஷன்தான். அவளுடைய கணவன் செத்தபோது இந்த வேலையையும், பின்கட்டில் குடியிருக்க ஓர் அறையையும் வாங்கிக் கொடுத்தவர்.

"நாளைக்கு மேலிடத்து ஆபீசர் வர்றாரு. ஜெபம் பண்றவங்க பேரை எழுதப் போறாராம். பேர் ஏறிச்சுன்னா வேலையும் போச்சு, ரூமும் போச்சு. உன் பொண்ணுக்கு மூணு மாசத்துல பரீட்சை."

"என்ன அத்தான் செய்யச் சொல்றீங்க?"

"ஒண்ணுமே செய்ய வேணாம். சும்மா நில்லு, போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன். மனசுல இருந்தா பத்தாதா?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் எதிர்த்துப் பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

மறுநாள் அதிகாரி சரியாகக் கொதிகலன் நின்ற நேரத்தில் வந்தார். வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, பாவம், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றார். துடைத்தார், மறுபடி படிந்தது.

"இங்க கிறிஸ்தவங்க கூடிப் பாடுறாங்கன்னு புகார் இருக்கு."

"பாட்டுச் சத்தத்த யாராவது கேட்டிருக்காங்களான்னு விசாரிங்க சார். ஏழு வருஷமா ஒரு முணுமுணுப்புகூடக் கிடையாது. வேலை அலுப்புல உக்கார்ற பொம்பளைங்க, அவ்வளவுதான்" என்றார் அத்தான். அதில் பாதிக்கு மேல் உண்மைதான்.

"அப்ப இல்லைன்னு எழுதிடறேன்."

பேனா தாளைத் தொட்டது. அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய மௌனத்தையே அவர்கள் மறுப்பாக எழுதிக்கொள்வார்கள். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"இருங்க சார். நான் பாடுறேன். தினமும் பாடுறேன். நான் இயேசுவோட ஆளு."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரியோ இரக்கப்பட்டார். "சத்தம் வராதத யாரும் பாட்டுன்னு சொல்லமாட்டாங்கம்மா. போய் வேலையப் பாருங்க."

அவள் வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு எங்கோ அடியிலிருந்து குரல் கிளம்பியது, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பது போல. "இயேசுவே, என்னை உமக்குத் தெரியும்..." தன் குரலா அது என்று அவளுக்கே ஆச்சரியம்.

இரண்டாவது வரியில் விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. கஞ்சி போடுகிறவள். ஆனால் அவள் ராகம் வேறு, தாலாட்டு மாதிரி இழுத்தாள். தையல்காரி அணிவகுப்பு வேகத்தில் வந்தாள். தள்ளுவண்டிக்காரி பாட்டை முகாரியாக்கிவிட்டாள். வார்த்தை ஒன்று, ராகம் நான்கு. ஏழு வருடமாக ஒன்றாகப் பாடுகிறோம் என்று நம்பிக்கொண்டு ஆளுக்கொரு பாட்டைப் பாடியிருக்கிறார்கள்!

"இது ஒரே பாட்டா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்" என்று அரைத்தூக்கம் சிரித்தாள். கண்ணீர் வழிந்தது. "எங்களுக்கே இப்பத்தான் தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. நான்கு பெயரையும் எழுதிக்கொண்டு போனார். அத்தான் அழுக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "உன்னத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்ல. பொண்ணக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்கு வந்து சேரு."

சாயங்காலத்துக்குள் நால்வரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அவளுக்குப் பயம் போகவில்லை. வெளியே நீராவி இல்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"எழுதினவ நான். என் ராகம்தான் சரி" என்றாள் தையல்காரி.

"அத அப்பவே பாடிக் காட்டியிருக்கணும்டி" என்றாள் தள்ளுவண்டிக்காரி.

"சரி, இப்ப பாடு. கேட்டுக்கறோம்" என்றாள் அரைத்தூக்கம்.

தையல்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு, நடுத்தெருவில், முதல் வரியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.