ஏழாவது சூப்பு

டிவியின் பிளக்கைப் பிடுங்கி, அதைக் கையில் வைத்தபடியே நின்றாள் அக்கா. நீதிமன்றத்தில் முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவள். தம்பி அவளுக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா.

"ஜட்ஜம்மா, தீர்ப்பு என்ன?" என்றான் தம்பி கட்டிலிலிருந்து. குரல் நூலாக வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். இன்று தாண்டாது என்று காலையில் டாக்டர் சொன்னதை அவனும் கேட்டிருந்தான்.

"ஹால்ல நாலு பெரிய மனுஷங்க வந்து உக்காந்திருக்காங்க. உள்ளேருந்து சிரிப்புச் சத்தம் கேட்டா இந்தக் குடும்பத்தப் பத்தி என்ன பேசுவாங்க?"

"சாகப்போறது நான். அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

"வாயக் கழுவுடா."

கதவருகே நின்ற அவன் மகள், "இருபது நிமிஷந்தான் அத்தை. அந்த சூப்பு எபிசோடு மட்டும்" என்றாள்.

விண்வெளிச் சரக்குக் கப்பல் ஒன்றில் நடக்கும் நகைச்சுவைத் தொடர் அது. மறதிக்காரக் கேப்டன் எதையோ உளற, சமையல்காரன் சிரித்துச் சூப்புப் பானையைக் கவிழ்த்துவிடுவான். காலத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளும் பெட்டி ஒன்று கப்பலில் உண்டு. சூப்பைக் காப்பாற்ற அவன் திரும்பத் திரும்பப் பின்னால் போவான். தம்பிக்கு அது எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. கூத்து என்று சொல்லி அக்கா எழுந்து போய்விடுவாள்.

பிளக்கை மாட்டினாள். "சத்தம் வைக்கக் கூடாது. அதான் தீர்ப்பு."

மகள் வந்தவர்களைக் கவனிக்கப் போனாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தாள். திரையில் வாய்கள் மட்டும் அசைந்தன.

"கண்ணு மங்குதுக்கா. இப்ப என்ன பண்றான்?"

"அஞ்சாவது தடவை. பானைய இடுப்போட சேத்துக் கயிறு கட்டிக்கிட்டு நிக்கறான். இப்ப கதவு தெறக்கும், கயிறு அதுல மாட்டும்."

கதவு திறந்தது. கயிறு மாட்டியது.

தம்பியின் தலை மெல்லத் திரும்பியது. "நீ பாத்ததே இல்லன்னியே."

"அடுப்படி ஜன்னல்லேருந்து தெரியும். பாத்திரம் தேய்க்கறப்ப."

"இத்தனை வருஷமா ஒரே பாத்திரத்தையா தேச்சே?"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏழாவது முறை வந்துவிட்டது. கேப்டன் உள்ளே நுழைந்தான்.

"கேப்டன் சொல்றத நீயே சொல்லுக்கா."

சாத்திய கதவை ஒருமுறை பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டைக் குரலில், "சூப்பு பிரமாதம்ப்பா! எப்ப வைக்கப்போற?" என்றாள்.

ஏழாவது முறை சமையல்காரன் பானையைப் பிடிப்பதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். பானை தன் பாட்டுக்குப் போகும்.

தம்பி சிரித்தான். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தது அக்காவுக்குத்தான். ஹாலில் பேச்சு நின்றது. அவளால் அடக்க முடியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்தபோது அவன் தோள் அசையவில்லை. வாயோரம் மட்டும் இன்னும் விரிந்திருந்தது.

சற்று நேரம் கழித்துக் கதவைத் திறந்து நிமிர்ந்து நின்றாள். உறவில் மூத்தவர், "என்னம்மா அது சத்தம்?" என்றார்.

"போயிட்டான்" என்றாள். "சிரிச்சது நான்தான்."

மகள் உள்ளே ஓடி அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். திரையில், கொட்டிய சூப்பின் நடுவே சமையல்காரனும் உட்கார்ந்திருந்தான். அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினாள். கதவைச் சாத்தவில்லை.