அதிகாரி வீடு பார்க்க வந்த நாள்

வீட்டுக்காரர் எல்லாம் சட்டப்படிதான் செய்தார். வருடத்துக்கு ஒருமுறைதான் வாடகை ஏற்றலாம்; அப்படித்தான் ஏற்றினார். இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தார். குற்றம் பிடிக்கக்கூட இடம் வைக்கவில்லை.

அங்கே குடியிருந்த வெல்டருக்கு ஒரே வழிதான் மிச்சம். கேட்கிற வாடகைக்கு வீடு லாயக்கில்லை என்று வாடகை அலுவலகத்தில் மனுப் போட்டான். அதிகாரி நேரில் பார்த்துத் தொகையைத் தீர்மானிப்பார். படுக்கையறைச் சுவரில் பூஞ்சை படர்ந்து கறுத்திருந்தது.

"அவர் கண்ணால பார்த்தா போதும். எதையும் தொடாதே," என்று மனைவியிடம் சொல்லி வைத்தான்.

அக்காவிடம் சொல்லவில்லை. புருஷன் போனபின் தம்பி வீட்டில் ஒண்டியிருப்பவளிடம் யோசனை கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. அதிகாரி வருகிறார் என்பதும், வாடகை ஏறினால் ஒற்றை அறைக்குப் போக வேண்டியதுதான் என்பதும் மட்டும் அவள் காதில் விழுந்தன. ஒற்றை அறையில் தனக்கு இடமிருக்காது என்பது அவளுக்கே தெரியும்.

அன்று காலை வெல்டர் பட்டறைக்குப் போய் முதலாளியிடம் அனுமதி கேட்டுத் திரும்புவதற்குள், மனைவியும் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அக்கா முழங்கை எரிய எரியப் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்த்துவிட்டாள். போகாத கறைக்கு முன்னால் பீரோவை இழுத்து நிறுத்தினாள். வருகிறவர் தம்பியைக் கேவலமாக நினைத்துவிடக் கூடாதே.

"வீட்டைப் பளிச்சுனு வச்சிருக்கீங்கம்மா," என்றார் அதிகாரி.

"எந்தக் குறையும் இல்லைங்க," என்றாள் அக்கா பெருமையாக.

வாசலில் வந்து நின்ற வெல்டருக்கு முகம் செத்துவிட்டது. "சார், நேத்து வரைக்கும் அந்தச் சுவர்ல..."

"நேத்து நான் வரலியேப்பா," என்று சொல்லி அவர் எழுதத் தொடங்கினார்.

ஏற்றிய வாடகை நியாயமானதே என்று முடிவு வந்தது.

"உன்னை யாருக்கா கேட்டா?" என்றான் வெல்டர்.

"நல்லதுக்குத்தானேடா செஞ்சேன். போற இடத்துல நான் ஒரு மூலையில சுருண்டுக்கறேன்."

"அங்க மூலை நாலுதான் நாத்தனாரே," என்றாள் தம்பி மனைவி. "எங்க சாமானுக்கே பத்தாது."

வீட்டைக் காலி செய்வதைப் பற்றிப் பேச வீட்டுக்காரர் வந்தார். அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கம்மா படுத்த படுக்கையா கிடக்காங்க. வர்ற ஆளு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. இவங்க நல்லா வேலை செய்வாங்க போலிருக்கே, அனுப்பி வையேன். மூணு வேளை சோறு, மாடிப்படிக்குக் கீழ படுக்கை."

"சம்பளம் சார்?" என்றான் வெல்டர்.

"படுக்கிற இடத்துக்கு நான் வாடகை கேக்கலியே?" என்று சொல்லி அவரே சிரித்தார்.

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தரையைப் பார்த்தபடி, "எப்ப அனுப்பட்டும் சார்?" என்றான்.

அவன் மனைவி அதற்குள் உள்ளே போய்ப் பரண்மேலிருந்த அக்காவின் பையை இறக்கி, தூசி தட்ட ஆரம்பித்திருந்தாள்.