டம்மி வாயில் பனங்கற்கண்டு

சாயங்காலக் காப்பி முடிந்தால் ஈவாஞ்சலின் டீச்சர் வீட்டில் ஆளுக்கொரு திசை. அவள் சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டோடு, கணவர் பொன்னுதுரை ஹாலில் கம்ப்யூட்டரோடு. நடுவில் ஒரு திரைச்சீலைதான். ஆனால் அதைத் தாண்டி பிரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை போய் மாதக்கணக்காகிறது. மற்றபடி சண்டை ஒன்றும் இல்லை. மீன் விலை, கரண்ட் பில், பெங்களூரில் இருக்கும் மகள் ஜெபிஷா எப்போது வருகிறாள் என்பதெல்லாம் தாராளமாகப் பேசிக்கொண்டார்கள்.

பிரிட்ஜ் நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. சீட்டைப் பிரித்து ஒருமுறை ஆடி முடித்தால் ஒரு கை, அதில் ஆளுக்கொன்றாக விழும் நான்கு சீட்டு ஒரு பிடி. இத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்டு, கேட்டதை எடுத்துக் காட்ட வேண்டும். ஏலம் எடுத்து ஆடுகிறவரின் ஜோடிக்கு டம்மி என்று பெயர். தன் சீட்டையெல்லாம் மேசையில் விரித்துவிட்டு, கேட்ட சீட்டை எடுத்துப் போடுவதோடு டம்மியின் வேலை முடிந்தது. வாயைத் திறக்கவே கூடாது. பொன்னுதுரைக்கு உலகத்திலேயே கஷ்டமான சட்டம் அதுதான். எந்தக் கப்பலை எங்கே கட்டுவது, எந்தச் சரக்கை முதலில் இறக்குவது என்று துறைமுகத்தில் காலமெல்லாம் அதட்டிப் பழகிய வாய் அது.

ஈவாவுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் நாசரேத் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் அவள். இது சூதாட்டம் இல்லை, கணக்கு என்று அப்பாவிடம் வாதாடி ஜெயித்த பிறகுதான் கையில் சீட்டைத் தொட்டாள். கணக்கு டீச்சர் வேறு, கேட்க வேண்டுமா? குருவை மிஞ்சிய சிஷ்யை ஆனாள். அது ஊருக்கெல்லாம் தெரிந்தது, குருவுக்கு மட்டும் தெரியவில்லை.

வினை வந்தது கிளப் கோப்பையின் கடைசிக் கையில். ஈவா ஆடுகிறாள், பொன்னுதுரை டம்மி. அவள் மனதில் ஒரு திட்டம் உருவாகி, "ஆர்ட்டின் எட்டு" என்று கேட்டாள். அந்தச் சீட்டை எடுக்கும்போதே அவர் "ச்சே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சத்தத்தில் அவள் கை நடுங்கி, திட்டத்தைக் கைவிட்டு எல்லோரும் ஆடுகிற வழியில் ஆடினாள். ஒரு பிடி குறைந்தது, கோப்பையும் போனது. அவர் அதோடு விட்டாரா? கிளப் முழுக்கக் கேட்க, "எட்டாங்கிளாஸ் பிள்ளை கூட இப்படி ஆடாது" என்றார். எட்டாம் வகுப்புக்கே பாடம் எடுத்தவளிடம் சொன்ன பேச்சு அது. இனிமேல் உங்களுக்கு எதிரே உட்கார மாட்டேன் என்று காரில் வரும்போதே சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் இந்த ரோபோக்கள் கிடைத்தன. இணையத்தில் நடக்கும் வேகப் போட்டி. மேசையில் மனுஷப் பிறவி நீ ஒருத்திதான், உன் ஜோடியும் கம்ப்யூட்டர், எதிரிகள் இருவரும் கம்ப்யூட்டர். எங்கெங்கோ இருக்கும் நூற்றுக்கணக்கான பேர் அதே சீட்டை அதே ரோபோக்களோடு ஆடுவார்கள். யார் நன்றாக ஆடினார்களோ அவர்கள் பட்டியலில் மேலே. மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், யோசித்து மோவாயைச் சொறிய நேரமில்லை. ஈவாவுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. தப்பு செய்தாலும் ஏன் என்று கேட்காத ஜோடி எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும்? இரண்டாம் வாரமே ஹாலிலும் அதே போட்டியின் மணிச் சத்தம் கேட்டது. அவரும் சேர்ந்துவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் கிளப் செயலாளர் ஜெயசிங் போன் செய்தார்.

"டீச்சர், சனிக்கிழமை கப்பு ஆரம்பம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேரு குடுக்கணும். ஞானதீபம் டாக்டரம்மா ஜோடி இல்லாம இருக்காவ. உங்க ரெண்டு பேரையும் எழுதிக்கிடவா?"

"சாயங்காலம் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள். சரி என்று சொல்வதாக மனசுக்குள் முடிவே செய்திருந்தாள். டாக்டரம்மா ஊசி போடும்போதுகூடப் பேசமாட்டார். ஆனால் இத்தனை வருஷ ஜோடியை விட்டு வேறொருவர் எதிரே உட்காருவதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. போட்டி முடியட்டும் என்று தள்ளிப் போட்டாள்.

அன்று சாயங்கால இணையப் போட்டியின் கடைசிக் கை அப்படியே அந்தக் கோப்பைக் கையின் சாயல். ஏலத்தில் கேட்டதற்கு ஒரு பிடி இடிக்கிறது. டைமன் ஏஸும் ராணியும் அவளிடம், ராஜா எதிரிகளில் ஒருவனிடம். வலப்பக்கம் இருந்தால் பிழைத்தாள், இடப்பக்கம் இருந்தால் போனாள். ஊர் உலகமெல்லாம் வலப்பக்கம் என்று நம்பித்தான் ஆடும். ஆனால் ஏலத்தில் இடப்பக்கத்து ரோபோ ஆர்ட்டினைப் பெருமையாகக் கேட்டிருந்தது. நல்ல சீட்டெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கிளாவரை முதலிலேயே காலி செய்தாள். பிறகு டம்மியிலிருந்து ஆர்ட்டின். அவள் கையில் ஆர்ட்டின் இல்லை, துருப்பால் வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. உதவாத சீட்டு ஒன்றைப் போட்டு, பிடியை இடப்பக்கத்து ரோபோவுக்கே விட்டுக்கொடுத்தாள். பிடி எடுத்தவன்தான் அடுத்த சீட்டைப் போட வேண்டும். இப்போது அது எதைப் போட்டாலும் அவளுக்கு லாபம். ரோபோ டைமனைப் போட்டது. ராணியும் ஏஸும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடி எடுத்தன. கேட்டது வந்துவிட்டது.

எதிரே இருந்த ரோபோ ஜோடி ஒன்றும் சொல்லவில்லை. போட்டி முடிந்தது என்று திரையில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். ஜெபிஷாவுக்குச் சொன்னால் என்ன ஏது என்று தெரியாமலே சூப்பர்மா என்பாள். ஏன் என்று கேட்காத ஜோடி, எப்படி என்றும் கேட்காது என்பது ஈவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

திரைச்சீலை விலகியது. பொன்னுதுரை கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி வந்து நின்றார்.

"ஏளா, கடைசிக் கையில நான் ஒண்ணு குறைச்சிட்டேன். நீ எடுத்திருக்க."

"ஆமா."

"உன் ஆட்டத்த ஒவ்வொரு சீட்டா திருப்பிப் போட்டுப் பாத்தேன். ஆரம்பத்திலயே கிளாவர காலி பண்ணியே, அப்பவே அவனுக்குத் தப்பிக்க வழியில்லாம அடைச்சிட்டியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதக் கவனிச்சியளா?"

"கவனிக்காம? அதுல்லா ஆட்டம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் மேசையிலிருந்த வெங்காயத்தையும் தக்காளியையும் சீட்டாக அடுக்கி, எப்போது என்ன நினைத்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் இடையில் பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரு தக்காளியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கப்பு அன்னைக்கு ஆர்ட்டின் எட்டு கேட்டியே, அதுவும் இதானா?"

"இதேதான். நீங்க ச்சேன்னிய."

"நான் சும்மா இருந்திருந்தா கப்பு நம்ம வீட்ல இருந்திருக்கும்" என்றார். பிறகு குரல் தாழ்ந்து, "ஜெயசிங் எனக்கும் போன் போட்டான். நீ டாக்டரம்மா கூடயே ஆடு. நான் பின்னால உக்காந்து பாக்கேன். தப்பு எம்மேலதான்" என்றார்.

ஈவா போனை எடுத்தாள். "அண்ணாச்சி, எங்க வீட்டுப் பேரையே எழுதிக்கிடுங்க. வழக்கம்போல ரெண்டு பேருந்தான்."

போனை வைத்தவள் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "பனங்கற்கண்டு. டம்மியா இருக்கும்போதெல்லாம் வாயில ஒண்ணு போட்டுக்கிடணும்."

"எனக்குச் சுகர் இருக்குல்லா?"

"அப்ப நீங்க டம்மியாகாம ஏலம் எடுங்க."

சனிக்கிழமை கிளப்பில் கடல் காற்று சீட்டைப் பறக்கடிக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். மூன்றாவது கையில் ஈவா ஆடுகிறாள், பொன்னுதுரை டம்மி. கொஞ்சம் யோசித்துவிட்டு, யாரும் கேட்காத ஒரு சீட்டைக் கேட்டாள். அவர் புருவம் ஏறியது. கை அந்தச் சீட்டின் மேலேயே ஒரு கணம் நின்றது. அப்புறம் எடுத்து நடுவில் போட்டார். வாயில் கற்கண்டு கடக்கென்று நொறுங்கியது.

ஈவாவின் கை நடுங்கவில்லை. அடுத்த சீட்டைப் போட்டாள்.