கட்டிலில் ஏறிய வெள்ளரி

நாத்தனார் கட்டிலைத் தேடி இரண்டு அறைகளிலும் புகுந்து வந்தாள். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் அதைக் கண்டதும், வந்த வேகம் அடங்கி நின்றாள்.

இரும்புக் கட்டில் தோட்டத்து மதிலோரம் நெட்டுக்குத்தாக நின்றது. தலைமாடு தரையில், கால்மாடு ஆகாயத்தில். சாயாமலிருக்கச் சுவரோடு சேர்த்து இரண்டு போல்ட். மெத்தை கிடந்த கம்பி வலை தெரியாதபடி வெள்ளரிக் கொடி ஏறியிருந்தது. இலைக்குப் பின்னால் விரல் நீளத்தில் சில, முழங்கை நீளத்தில் சில என்று காய்கள் தொங்கின.

“என்ன அண்ணி, கட்டிலை நிக்க வச்சிருக்கீங்க?”

“படுத்துப் படுத்து அதுக்கும் அலுத்துப் போச்சு,” என்றாள் அண்ணி.

நாத்தனாரின் கணவர் சிரித்துவிட்டார். மனைவி திரும்பியதும் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். வேன் ஓட்டுகிறவர்; சாமான் ஏற்ற வந்திருந்தார்.

இது நான்காவது தடவை. அண்ணியின் கணவன், அதாவது நாத்தனாரின் அண்ணன், வேறொருத்தி வீட்டோடு போய் ஒன்பது மாதம் ஆகிறது. அவன் ஒரு தடவைகூட வரவில்லை. தங்கைதான் வருவாள், கையோடு ஒரு காரணமும் வரும். பீரோ போனது, மேஜை போனது, ஃபிரிட்ஜ் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் கதவை அகலத் திறந்து பிடித்தபடி பேசாமல் நின்றாள். பேசாமல் இருப்பது அவளுக்குச் சுபாவம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஆனால் வாய் மூடி நிற்கிறவளின் மௌனத்தில் யாரும் தங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம் என்பது ஃபிரிட்ஜ் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் அதில் ‘சரி’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைய காரணம் முதுகு. போன இடத்துக் கட்டில் அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். இந்தக் கம்பி வலையில் படுத்தால்தான் தூக்கம் வருமாம். கொடிக்கு நாலு குச்சி நட்டால் போதாதா, அதற்குப் போய் ஒரு கட்டிலா என்று நாத்தனார் நியாயம் கேட்டாள்.

குச்சிகளை அவளும் யோசிக்காமல் இல்லை. முதலில் தரையிலேயே படரவிட்டாள். மண் பட்ட பக்கம் காய்கள் வெளுத்து அழுகின. ஒருநாள் அறைக்குள் போய், அவன் போனதிலிருந்து தான் படுக்காத கட்டிலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனியாகவே அதை இழுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். அதற்கு அரை நாள் ஆனது.

வேன்காரர் ஸ்பானர் வைத்து ஒரு போல்ட்டைத் தளர்த்தினார். பிறகு கொடியை விலக்கப் பார்த்தார். கம்பியைச் சுற்றியிருந்த இழை, பாதி தூரம் ஒரு பக்கமாகவும் மீதி மறுபக்கமாகவும் முறுக்கியிருந்தது. இழுத்தால் நீண்டது; விட்டால் சுருண்டு பழைய இடத்துக்கே போனது.

“அறுத்தாத்தான் வரும்போல,” என்றார்.

“அறுங்க,” என்றாள் நாத்தனார்.

அவர் அறுக்கவில்லை. ஸ்பானரைச் சுவர்மேல் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

அப்போது தெருவில் வேனின் ஹாரன் கேட்டது. சின்னதாக இரண்டு தடவை. கதவு திறக்கத் தாமதமானால் அவள் கணவன் ஸ்கூட்டரில் இருந்தபடி அப்படித்தான் அடிப்பான், பதினாறு வருஷமாக. வேன் ஓட்டி வந்தவர் இங்கே நிற்கிறார். நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

பீரோ போன அன்றும், மேஜை போன அன்றும், ஃபிரிட்ஜ் போன அன்றும் அவன் தெருவில்தான் இருந்தானா என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

“இதை வாங்கின அன்னைக்கு வண்டி கிடைக்கல,” என்றாள். குரல் உயரவில்லை. “ஒரு பக்கம் அவர் பிடிச்சாரு, ஒரு பக்கம் நான் பிடிச்சேன். மூணு தெரு தூக்கிட்டு வந்தோம். வேணும்னா அவரையே உள்ள வரச் சொல்லு. வந்து அவர் பக்கத்தைப் பிடிக்கட்டும். என் பக்கத்தை நான் விடறதா இல்ல.”

“அண்ணி, ஒரு பழைய கட்டிலுக்குப் போய்...”

“அதான் நானும் சொல்றேன். ஒரு பழைய கட்டிலுக்குப் போய் நாலு பேரா?”

நாத்தனார் வெளியே போனாள். தெருவில் ஏதோ தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது. அவள் காத்திருந்தாள். இதுவரை காத்திருந்ததைப்போல இல்லை. வாசலைப் பார்த்து நேராக நின்று காத்திருந்தாள். நாத்தனார் மட்டும் திரும்பி வந்து, “போலாம்,” என்று கணவரிடம் சொன்னாள்.

அவள் நல்ல காயாக மூன்று பறித்து நாத்தனாரின் கையில் கொடுத்தாள்.

“நாங்க ரெண்டு பேருதானே?” என்று வாய் தவறிச் சொன்னாள் நாத்தனார். பிறகு மூன்றையும் வாங்கிக்கொண்டாள்.

வேன் கிளம்பும் சத்தம் அடங்கும்வரை அவள் அசையவில்லை. வேன்காரர் மறந்துவிட்டுப் போன ஸ்பானர் சுவர்மேல் கிடந்தது. எடுத்து, தளர்ந்திருந்த போல்ட்டில் மாட்டி, இனி ஒரு சுற்றும் சுற்றாது என்னும்வரை இறுக்கினாள்.