கேக் தட்டில் வெட்டிய குருவி

அக்காவுக்கு நாடகத்தில் ஒரே ஒரு காட்சிதான். சிறைக்குள் உட்கார்ந்திருப்பாள். சுவரில் கம்பி சன்னலின் வெளிச்சம் விழும், கம்பியில் ஒரு குருவியின் நிழல் தெரியும். "வந்துட்டியா?" என்று கேட்பாள். இதற்காக இரண்டு மாதமாக வீட்டில் கரண்டி, குடம் எல்லாவற்றிடமும் "வந்துட்டியா?" கேட்டு எங்கள் உயிரை வாங்கினாள். அந்தக் காட்சிதான் இப்போது ஊசலாடியது.

"விளக்குக்குள்ள வைக்கிற சன்னல் தகடு வாங்கக் கட்டுப்படியாகாது. சாயங்கால ஒத்திகைல சன்னல் வரலைன்னா காட்சியத் தூக்கிடுவேன்" என்றார் இயக்குநர். அக்கா என்னைத்தான் பார்த்தாள். ஒளியமைப்பு என் பொறுப்பு.

முதலில் கறுப்பு அட்டையில் வெட்டினேன். விளக்கின் சூட்டில் ஐந்தே நிமிடத்தில் சிறை புகைந்தது. உடனே வீட்டுக்கு ஓடினேன். அத்தான் அலுமினியத் தட்டில் வந்த கேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தட்டு வேணும் அத்தான். சீக்கிரம் முடிங்க."

"முழுசையுமா?"

"அக்காவுக்காக."

பாவம், தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றார்.

தட்டின் அடிப்பாகத்தைக் கழுவி, வட்டமாக நறுக்கி, கூர்க்கத்தியால் கட்டங்களை வெட்டினேன். வெட்டிய இடம் வெளிச்சம், விட்ட இடம் நிழல். குருவி கம்பியை ஒட்டியே இருக்க வேண்டும், இல்லையென்றால் கழன்று விழும். அதில் கவனமாக இருந்த நான், அவசரத்தில் இறக்கையைச் சுற்றிக் கிழித்துவிட்டேன். ஒரு முனை மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தட்டுக்கு அத்தான் வயிற்றில் இடமில்லை.

ஒத்திகையில் விளக்கைப் போட்டதும் குருவி வௌவாலாகத் தலைகீழாகத் தொங்கியது. இயக்குநர் சிரித்தார். விளக்கின் கண்ணாடி வில்லை எதையும் கவிழ்த்துத்தான் காட்டும் என்பதை மறந்த என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. தகட்டைத் தலைகீழாகச் செருகினேன். குருவி நிமிர்ந்து உட்கார்ந்தது.

அக்கா சுவரைப் பார்த்தாள். சூடு ஏற ஏற, தகட்டில் அந்த இறக்கை மெல்ல வளைந்தது. விழுந்துவிடும் என்று பயந்தேன். விழவில்லை. சுவரில் குருவி இறக்கையை விரித்தது.

"வந்துட்டியா?"

கரண்டியிடம் கேட்ட குரல் இல்லை அது.

இயக்குநர் சுவருக்கு அருகில் போய்ப் பார்த்தார். பிறகு, "காட்சி இருக்கட்டும். ஆனா தினமும் இறக்கை இதே மாதிரி விரியணும்" என்றார்.

ஆறியதும் தகட்டை எடுத்துப் பார்த்தேன். சுருண்ட இறக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நாளைக்குப் புதுத் தட்டுதான். ஒத்திகை பார்க்க வந்திருந்த அத்தான், கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மொத்தம் எத்தனை நாள் நாடகம்?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு."

மேடையில் நின்ற அக்காவைப் பார்த்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"சாப்பிடுறேன்" என்றார்.