சில்லறைப் பாக்கெட்டில் ஒரு கத்தி

1

இருந்தவர்கள்: லிஃப்ட் மெக்கானிக். அவருடைய தங்கை, மூன்று மாதமாக அந்த மனநல வார்டில் நோயாளி. வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ். மூலையில் தனக்குத்தானே கேரம் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மூன்று மடக்குக் கத்திகள்.

எழுதும் நான் அங்கே இல்லை. நான் காவல் பார்த்த கட்டடத்துக்கு லிஃப்ட் சரிசெய்ய வந்தபோது மெக்கானிக் சொன்னது இது. இரவு ஷிஃப்டை விட்டு ஓடிவந்தவன் நான். அங்கிருந்து கொண்டுவந்த ஒரே உருப்படியான சாமான் இந்தக் கதைதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கத்தி என்பது ஒரு மனிதனின்—"

வேண்டாம். கத்தி எதற்கும் உவமை இல்லை. கத்தி வெட்டும். அதுதான் அதன் அழகு.

மெக்கானிக்கின் இடுப்பில் ஒன்று: கயிறு அறுக்க, பல் வைத்த அலகு. சட்டைப் பையில் ஒன்று: ஒயரின் தோலுரிக்க, முனை வளைந்தது. இரண்டும் நல்ல உழைப்பாளிகள். மூன்றாவதுதான் என் கதாநாயகன். மடக்கினால் சுண்டுவிரல் நீளம், நாலைந்து நாணயங்களை அடுக்கிய தடிமன். பித்தளைப் பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கும். பொத்தான், விசை என்ற பம்மாத்தெல்லாம் கிடையாது. திறக்கக் கட்டைவிரல் நகம் போதும். [திறக்கும்போது ஒரு 'டக்'. அந்தச் சத்தத்துக்கு வேறு சொல் தேடி நான்கு நாள் வீணாக்கினேன்.] ஜீன்ஸில் சில்லறைக்கென்று தைத்திருக்கும் குட்டிப் பாக்கெட்டில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறது. பார்சல் பிரிக்க அதுதான், பழம் நறுக்க அதுதான், காலில் ஏறிய சிலாம்பு எடுக்கவும் அதுதான்.

மெக்கானிக் என்னை ஒரு தாளை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். தாள் இரண்டானது. என் விரல்களுக்குத் தெரியவேயில்லை.

3

வார்டுக்குள் கூர்மையான எதுவும் போகக் கூடாது. ஏன் என்பதற்குத் தங்கையின் இடது மணிக்கட்டைப் பார்த்தால் போதும். விதியை மீறினால் வீட்டு விடுப்பு ரத்து. வரும் வெள்ளிக்கிழமை அவள் முதல்முறையாக இரண்டு நாள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அண்ணன் அவளுடைய அறைக்குப் புதிதாக வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரையும் மாட்டிவிட்டார்.

நர்ஸ் தட்டை நீட்டினார்.

"எடுங்க லிஃப்ட்காரரே. இன்னிக்கு எத்தனை?"

இடுப்பிலிருந்து ஒன்று. சட்டைப் பையிலிருந்து ஒன்று.

"இன்னும் நாலு சேர்ந்தா கடையே போட்டுடலாம். அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சிஸ்டர்."

(அடிக்குறிப்பு: அவர் பொய் சொல்லவில்லை. மூன்றாவதை அவர் கத்தி என்று நினைப்பதேயில்லை. யாராவது கைவிரலைக் கழற்றித் தட்டில் வைப்பார்களா? பன்னிரண்டு வாரமும் அது அவரோடு உள்ளே போய் வந்திருக்கிறது.)

4

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த தங்கை பிடரியைச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

"என்னடி, பேன் புடிச்சிடுச்சா?"

"உன் தலைன்னு நெனச்சியா? சட்டைக் கழுத்துல கம்பெனி பேரு போட்டுத் தைச்சிருக்கற துணித்துண்டு உறுத்துதுண்ணா. கழட்டிப் பல்லால கடிச்சும் பாத்துட்டேன், வரல. அறுத்து விடேன்."

டக்.

துணித்துண்டு அவர் உள்ளங்கையில் கிடந்தது. சட்டையில் ஒரு நூல் இழுபடவில்லை, தோலில் ஒரு கோடு விழவில்லை. [இந்த வெட்டை நான் ரசிக்கிறேன். மறைக்கப் போவதில்லை.] அறுத்து விடு என்று கேட்டால் கத்தி வைத்திருப்பவனின் கை யோசிக்காது. அவர் யோசித்தது அதற்குப் பிறகுதான்.

யாரும் பார்க்கவில்லை. நர்ஸ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பெரியவர் சிவப்புக் காயைக் குறிவைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, மூடுண்ணா, மூடு!" தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. சிரிப்பு நின்ற பிறகும் அவள் கண் கத்தி போய் ஒளிந்த இடத்திலேயே இருந்தது.

5

முடிவு ஒன்று: மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தங்கை வீட்டுக்கு வருகிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன். வரிக்கு வரி அந்தப் பார்வை வந்து நின்றது. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நர்ஸ் பார்த்துவிட்டு ஓடிவந்து— இதுவும் வேண்டாம். பிடிபடுகிறவனுக்கு முடிவெடுக்கும் வேலை இல்லை.

நடந்தது வேறு. மெக்கானிக் எழுந்தார்.

"எங்கண்ணா போற?"

"சிஸ்டர்கிட்ட."

"பைத்தியமா உனக்கு? இங்க படுக்க வேண்டியது நீதான். வெள்ளிக்கிழமை போயிடும்."

"போகட்டும்."

"நான் பாத்தேன்ல, அதனாலயா?"

அவர் நர்ஸின் மேசையை நோக்கி நடந்தார். [இங்கே கனமாக ஒரு வசனம் வைக்க எனக்கு ஆசை. அவர் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?]

மூடிய கத்தியைத் தட்டில் வைத்தார்.

"மூணாவது ஒண்ணு இருந்துச்சு சிஸ்டர். பன்னண்டு வாரமா உள்ள கொண்டுபோயிருக்கேன். இப்பதான் உறைச்சது."

நர்ஸ் அதை எடுத்து நகத்தால் திறந்தார். அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகா இருக்கு," என்றார், கோபமாக. பிறகு, "தங்கச்சி முன்னாடி திறந்தீங்களா?"

"திறந்தேன்."

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டித் தங்கையின் பக்கத்தில் நிறுத்தினார். பேனா மூடியைக் கழற்றினார். எழுதாமல் அவரையே பார்த்தார்.

"நேரமாச்சு. கிளம்புங்க."

6

அந்தப் பேனா என்ன செய்தது என்று மெக்கானிக் என்னிடம் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. நர்ஸ் எழுதியிருக்க வேண்டுமா, விட்டிருக்க வேண்டுமா? உங்கள் தங்கையை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு வேண்டியது அதற்குப் பிந்தைய அரை நிமிடம்தான். தங்கை வாசல்வரை கூடவே வந்தாள். கத்தி பக்கம் அவள் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வாண்ணா. அவங்க எழுதினாலும் வா, எழுதாட்டியும் வா."

"வரேன்."

நர்ஸ் மூன்று கத்திகளையும் அவர் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.